உல்லாசக் கப்பல்களின் கொள்முதல்: நார்வே கடற்கரை தரும் பாடம்

விளைவிப்பவனுக்கும் உண்பவனுக்கும் இடையே எத்தனை கைகள் உள்ளனவோ அத்தனை பங்குகள் விலையிலிருந்து கழிகின்றன என்பது நம் அங்கத்தினர்களுக்குப் புதிய செய்தியன்று. நெல்லாயினும் நூலாயினும் இவ்வுண்மையைப் பட்டறிந்தவர்களே கூட்டுறவுச் சங்கங்களைத் தோற்றுவித்தனர். அதே உண்மையை நமக்குப் பழக்கமில்லாத ஓரிடத்தில் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அவ்விடம், கடல்மீது மிதக்கும் விடுதியாகிய உல்லாசக் கப்பல்.

உல்லாசக் கப்பலுக்கும் தறிமேடைக்கும் என்ன உறவு என்று சிலர் வினவலாம். கரூர் வட்டாரத்தின் ஏற்றுமதித் தொழில் படுக்கை விரிப்பு, மேசைத் துணி, சமையலறைத் துணி ஆகியவற்றையே பெரிதும் ஆதாரமாகக் கொண்டது. விடுதிகளும் கப்பல்களும் பெருவாரியாகக் கொள்வன இவ்வகைத் துணிகளே. மேலும், 2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்தே எம்பிரஸ் என்னும் உல்லாசக் கப்பல் பயணம் தொடங்கிற்று. கப்பல் ஒரு துறையிலிருந்து புறப்படுமானால் அதற்கு வேண்டிய கீரையும் முட்டையும் மீனும் எங்கேயாவது கொள்முதல் செய்யப்பட்டாக வேண்டும். எங்கே, யாரிடம், எந்த விலைக்கு என்பதுதான் கேள்வி.

ஒரு பொருள் வயலிலிருந்தும் கடலிலிருந்தும் புறப்பட்டு, பல கைகள் மாறி, உண்பவனின் தட்டை அடையும் வழி முழுவதையும் இன்று விநியோகச் சங்கிலி என்று வழங்குகின்றனர். சங்கிலி என்ற சொல் பொருத்தமானதே. அதன் ஒரு கண்ணி இற்றாலும் முழுச் சங்கிலியும் அறும். ஆனால் இழுவிசை முழுவதும் முதற்கண்ணியிலேயே, அதாவது விளைவிப்பவன் மீதே, வந்து விழுகிறது என்பதைச் சொல் மட்டும் உணர்த்துவதில்லை. இச்சங்கிலி நியாயமானதாகவும், நிலத்தின் வளமும் கடலின் வளமும் குன்றாமல் நெடுங்காலம் நீடிப்பதாகவும் அமைய வேண்டும் என்று பெரிய கப்பல் நிறுவனங்கள் தம் ஆண்டறிக்கைகளில் எழுதி வருகின்றன. அறிக்கையில் எழுதுவது எளிது. அது நடைமுறையில் எவ்வாறு அமைகிறது, யாருடைய முயற்சியால் அமைகிறது என்று காண்போம்.

முதலில் அளவைப் பற்றிய ஒரு கணக்கு. ஐகான் ஆஃப் த சீஸ் என்னும் கப்பல் 2024ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவின் மயாமித் துறைமுகத்திலிருந்து தன் முதற்பயணத்தைத் தொடங்கியது. முழுவதும் நிரம்பினால் அதில் 7,600 பயணிகள் செல்லலாம். பணியாளர் 2,350 பேர். ஏறத்தாழ 10,000 உயிர்கள். நாளொன்றுக்கு மூன்று வேளை எனக் கொண்டால், ஏழு நாள் பயணத்திற்கு 2 லட்சத்துக்கு மேற்பட்ட சாப்பாடு. ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரே ஒரு முட்டை என்று சிக்கனமாகக் கணக்கிட்டாலும் வாரத்திற்கு 70,000 முட்டை. நம் ஊர்களில் ஒரு பெரிய கோயில் திருவிழாவுக்குச் சமைப்பதை ஒவ்வொரு நாளும், ஓய்வின்றி, கடல் நடுவே சமைப்பதற்கு இது ஒப்பாகும்.

இவ்வளவு பொருளும் எப்படி ஏற்றப்படுகிறது என்பது கவனிக்கத்தக்கது. இத்தகைய கப்பல் வாரம் ஒருமுறை தன் தாய்த் துறைமுகத்துக்குத் திரும்புகிறது. காலையில் பழைய பயணிகள் இறங்குகின்றனர். மாலையில் புதிய பயணிகளுடன் கப்பல் புறப்படுகிறது. இடைப்பட்ட சில மணி நேரத்தில் ஒரு வாரத்துக்கான சரக்கு முழுவதும் பலகைத் தட்டுகளில் அடுக்கப்பட்டு உள்ளே செல்ல வேண்டும். வண்டி ஒரு மணி நேரம் தாமதித்தால் சரக்கு கரையிலேயே நின்றுவிடும், கப்பல் காத்திருக்காது. ஆகவே கொள்முதல் அதிகாரி விரும்புவது, ஒரே அளவும் ஒரே தரமும் உடைய பொருளைக் குறித்த வேளையில் மலைமலையாகக் கொண்டுவந்து குவிக்கவல்ல ஒரு பெருவணிகரையே. அரை ஏக்கரில் தக்காளி பயிரிடுபவர் அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. இது கொடுமனத்தால் நிகழ்வதன்று. வாரம் ஒரு நாள், ஒரே துறை, ஒரே கொள்முதல் என்னும் ஏற்பாட்டின் இயல்பான விளைவு அது.

இதனால் விளையும் வேடிக்கையைக் கரீபியக் கடலின் தீவுகளில் காணலாம். உலகிலேயே உல்லாசக் கப்பல்கள் மிகுதியாகச் செல்லும் கடல் அது. அத்தீவுகள் வாழையும் கிழங்கும் பழவகைகளும் விளையும் மண். எனினும் கப்பலின் சமையலறைக்கு வேண்டிய பொருளில் பெரும்பகுதி புளோரிடாவிலேயே ஏற்றப்பட்டுவிடுகிறது. தீவில் இறங்கும் பயணி சில மணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு, உணவுக்குக் கப்பலுக்கே திரும்புகிறார். தீவுகளோ தம் மக்களுக்கே உணவை வெளியிலிருந்து பெருமளவில் இறக்குமதி செய்கின்றன. உணவு இறக்குமதியை 2025ஆம் ஆண்டுக்குள் நான்கில் ஒரு பங்கு குறைப்பது என்று அப்பகுதி நாடுகளின் கூட்டமைப்பாகிய காரிகோம் உறுதி பூண்டது. பின்னர் அக்கெடு 2030ஆம் ஆண்டுக்கு நீட்டிக்கப்பட்டது. வாழைத்தோப்பின் எதிரே நங்கூரமிட்ட கப்பலில் வேறு நாட்டு வாழைப்பழம் பரிமாறப்படுமானால் அது தோப்புக்காரனின் சோம்பலால் நேர்ந்ததன்று. அவனுடைய பத்துத் தாரும் அடுத்தவனுடைய பத்துத் தாரும் ஒன்றாகச் சேர்ந்து, தரம் பிரிக்கப்பட்டு, குளிர்காப்புடன் துறைக்கு வந்து சேரும் ஏற்பாடு இல்லாமையே காரணம்.

இனி, வேறு வகையாக நடக்கும் ஒரு கடற்கரைக்குச் செல்வோம். ஐரோப்பாவின் வடகோடியில் உள்ள நார்வே நாட்டில், பெர்கன் நகரத்திலிருந்து ருஷ்ய எல்லையை அடுத்த கிர்க்கனெஸ் வரை 34 துறைகளைத் தொட்டுச் செல்லும் கப்பல் வழி ஒன்று உண்டு. ஹூர்ட்டிகுரூட்டன் என்பது அதன் பெயர். ‘விரைவு வழி’ என்று பொருள். 1893ஆம் ஆண்டு ரிச்சர்ட் வித் என்னும் மாலுமி வெஸ்டரோலன் என்ற நீராவிக் கப்பலைக் கொண்டு இதனைத் தொடங்கினார். பகலிலும் சூரியன் தோன்றாத குளிர்காலத்தில், பாறைகள் நிறைந்த அக்கடலில் முறையாகக் கப்பல் விடுவது இயலாது என்று பிறர் ஒதுங்கிய காலத்தில் அவர் துணிந்து முன்வந்தார். அன்று முதல் தபாலும் சரக்கும் ஊர்மக்களும் அவ்வழியே சென்றனர். இன்று உலகெங்கிலுமிருந்து வரும் சுற்றுலாப் பயணிகளும் அவற்றிலேயே செல்கின்றனர். 2021ஆம் ஆண்டு முதல் இவ்வழியில் இரு நிறுவனங்கள் கப்பல் விடுகின்றன. பழைய நிறுவனத்துக்கு ஏழு, ஹவிலா என்னும் புதிய நிறுவனத்துக்கு நான்கு.

பதினொரு கப்பல்களும் இடைவிடாது ஓடுவதால், வடக்கே செல்லும் கப்பல் ஒன்றும் தெற்கே திரும்பும் கப்பல் ஒன்றும் பெரும்பாலான துறைகளுக்கு நாள்தோறும் வருகின்றன. சிறு உற்பத்தியாளனுக்கு இந்த ஒன்றே பெரிய வரப்பிரசாதம். வாரம் ஒருமுறை பத்தாயிரம் கட்டுக் கீரை கேட்கும் கப்பலுக்குச் சிறு விவசாயி கொடுக்க முடியாது. நாள்தோறும் சில கூடைகள் கேட்கும் கப்பலுக்கு அவரால் கொடுக்க முடியும். தன் துறைக்கு வரும் கப்பலில் தன் சரக்கு புதிதாக ஏறுகிறது. அன்று மாலையே அது பரிமாறப்படுகிறது. சிறு அளவில் அடிக்கடி வாங்குதல் என்ற இம்முறையை நம் பால் கூட்டுறவுச் சங்கங்கள் காலையும் மாலையும் கையாள்வதை நினைவுகூர்ந்தால் இதன் பயன் எளிதில் விளங்கும்.

பழைய நிறுவனம் சுமார் பத்தாண்டுகளாகக் கரையோரச் சமையல் என்ற பெயரில் ஓர் ஏற்பாட்டை நடத்தி வருகிறது. கப்பல் எந்தப் பகுதியைக் கடக்கிறதோ அந்தப் பகுதியின் மீன், ஆட்டிறைச்சி, பாற்கட்டி, காட்டுப் பழம் ஆகியவையே அன்றைய உணவில் இடம்பெறுகின்றன. பருவம் மாறினால் உணவுப்பட்டியலும் மாறும். சமையற்காரர் முதலில் பட்டியலை எழுதி, பிறகு அதற்குரிய பொருளை உலகெங்கும் தேடுவது பொது வழக்கம். இங்கே கரையில் என்ன கிடைக்கிறது என்று கேட்டறிந்து பிறகு பட்டியல் எழுதப்படுகிறது. லோஃபோட்டன் தீவுகளில் ஸ்டாம்சுண்ட் என்ற துறையில் கப்பலின் உணவுக் கழிவு இறக்கப்பட்டு எருவாக்கப்படுகிறது. அருகிலுள்ள பண்ணை ஒன்று அவ்வெருவை இட்டு விளைவித்த காய்கறி மறுபடியும் கப்பலுக்கே வருகிறது. குப்பைக்குழியைத் தன் நிலத்தின் பொக்கிஷமாகக் கருதும் நம் விவசாயிக்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை. ஹவிலா நிறுவனமோ, பலவகைப் பண்டங்களைப் பரப்பி வைத்து வேண்டியதை அள்ளிக்கொள்ளச் செய்யும் முறையையே கைவிட்டு, கேட்ட பண்டத்தைச் சிறு தட்டுகளில் கொண்டுவந்து பரிமாறுகிறது. பயணி ஒருவருக்கு நாளொன்றுக்கு வீணாகும் உணவு 75 கிராமுக்கு மேற்படலாகாது என்பது அதன் இலக்கு. வீணாவது குறைந்தால் மிச்சப்படும் பணத்தில் நல்ல பொருளை நல்ல விலைக்கு வாங்க இயலும்; இதனைக் கணக்கறிந்தோர் தருமச் செயல் என்று மட்டும் கருதமாட்டார்கள்.

இவ்வளவையும் படித்தவர், ‘அந்நாட்டுக் கப்பல் முதலாளிகள் நல்லவர்கள், ஆகவே அங்கே நியாயம் நிலவுகிறது’ என்று முடிவு கட்டிவிடக்கூடும். அம்முடிவு தவறானது என்பதை வலியுறுத்தவே நார்வேயை எடுத்துக்கொண்டேன். வாங்குபவரின் நற்குணத்தை நம்பி நிற்கும் நியாயம், அவர் மாறினால் தானும் மாறிவிடும். நார்வேயின் வடகரையில் நிலைத்துள்ள நியாயத்துக்கு வேறொரு வேர் உண்டு. அது விற்பவர்கள் நட்ட வேர்.

லோஃபோட்டன் தீவுகளுக்கு ஒவ்வொரு குளிர்காலத்திலும் காட் என்னும் மீன் பெருங்கூட்டமாக முட்டையிட வருகிறது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை அங்கே மீன்பிடிப் பருவம். முற்காலத்தில் அத்தீவுகளின் மீன்பிடி ஊர்கள் தனிப்பட்ட வணிகர்களின் உடைமையாக இருந்தன. மீனவன் தங்கும் குடிசை அவருடையது, படகு கட்டும் துறை அவருடையது, கடை அவருடையது, மீனை வாங்குபவரும் அவரே. வலைக்கும் மாவுக்கும் முன்கடன் கொடுத்து, பருவத்தின் முடிவில் தாமே விலை வைத்து மீனை எடுத்துக்கொண்டு, கணக்கில் மீனவனைக் கடனாளியாகவே நிறுத்தி அடுத்த பருவத்துக்கும் கட்டிவைப்பது வழக்கம். நூலும் முன்பணமும் கொடுத்து, சேலைக்குத் தாமே கூலி வைத்து, தறிக்காரனை ஆண்டுக்கணக்கில் விடாது பிணைத்த முறையை அறிந்த நம் நெசவாளர்களுக்கு அம்மீனவனின் நிலையை விவரித்துச் சொல்ல வேண்டியதில்லை. இடம் வேறு, குளிர் வேறு. கணக்குப் புத்தகம் ஒன்றே.

1930களில் உலக வாணிகம் சரிந்தபோது மீன் விலை அதலபாதாளத்தில் விழுந்தது. மீனவர்கள் சங்கங்களாகத் திரண்டு சர்க்காரை நெருக்கினர். அதன் பயனாக 1938ஆம் ஆண்டு நார்வே மூலமீன் சட்டம் இயற்றப்பட்டது. அவ்வாண்டிலேயே மீனவர்களின் விற்பனைச் சங்கமும் அமைந்தது. நோர்கெஸ் ரோஃபிஸ்க்லாக் என்பது அதன் பெயர். டிராம்சோ நகரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு இன்றும் அது நடைபெறுகிறது. சட்டத்தின் சாரம் மிகச் சுருக்கமானது: படகிலிருந்து கரைக்கு வரும் மீனின் முதல் விற்பனை இச்சங்கத்தின் வாயிலாகவே நடைபெற வேண்டும், அதற்குரிய குறைந்த அளவு விலையை நிர்ணயிக்கும் அதிகாரமும் இச்சங்கத்துக்கே உண்டு. 2013ஆம் ஆண்டில் பழைய சட்டத்துக்குப் பதிலாக மீன் விற்பனைச் சங்கச் சட்டம் என்ற புதிய சட்டம் வந்தது. அதிலும் இவ்விரு விதிகள் நீக்கப்படவில்லை.

இது நடைமுறையில் எவ்வாறு இயங்குகிறது என்பதை அங்கத்தினர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். வாங்குவோரின் பிரதிநிதிகளும் சங்கமும் முதலில் கூடிப் பேசுகின்றனர். மீனின் வகை, பருமன், தரம் ஆகியவற்றுக்கேற்ப விலை பேசப்படுகிறது. உடன்பாடு ஏற்படாவிட்டால் சங்கம் தானே விலையை அறிவிக்கலாம். அவ்விலைக்குக் கீழே யாரும் விற்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. மேலே எவ்வளவு வேண்டுமாயினும் கொடுக்கலாம். வாங்குபவர் எவராயினும் சங்கத்தின் அங்கீகாரம் பெற்றிருத்தல் வேண்டும். ஒவ்வொரு படகின் மீனுக்கும் எடையும் வகையும் பிடித்த இடமும் குறித்த விற்பனைச் சீட்டு எழுதப்படுகிறது. சங்கத்தின் செலவுக்கு விற்பனைத் தொகையில் ஒரு சிறு பங்கு கழிக்கப்படுகிறது. பெருங்கப்பலொன்று நூறு கைகளுக்கு அப்பால் நின்று காட் மீனை வாங்கினாலும், முதற்கையில் மீனவனுக்குக் கிடைக்க வேண்டிய விலையை அந்நூறு பேரும் சேர்ந்து அறுத்துவிட முடியாது. விலை பேசும் பேரம் எல்லாம் அவ்வெல்லைக்கு மேலேதான் நிகழலாம்.

விற்பனைச் சீட்டைப் பற்றி ஒரு சொல். நம் சங்கங்களில் வரவுச் சீட்டு எழுதுவதைக் குமாஸ்தாவின் தொல்லை என்று கருதுவோர் உண்டு. இந்த மீன் எந்தக் கடலில், எந்தப் படகால், எந்த நாளில் பிடிக்கப்பட்டது என்று இன்று கப்பல் நிறுவனம் கேட்டால், பதில் அச்சீட்டில் இருக்கிறது. நியாய வாணிகத்துக்கு வேண்டிய சான்றுகள் அனைத்தும், அச்சொல் பிரபலமாவதற்கு முன்பே, மீனவர் தம் பணத்தைக் காத்துக்கொள்ள எழுதி வைத்த கணக்கிலேயே அடங்கியிருந்தன.

விலை நியாயமாக இருந்தால் மட்டும் போதாது. மீன் இருக்க வேண்டும். பேரன்ட்ஸ் கடலின் காட் மீனை ஆண்டுக்கு எவ்வளவு பிடிக்கலாம் என்பதை நார்வேயும் ருஷ்யாவும் சேர்ந்து வரையறுக்கின்றன. 2025ஆம் ஆண்டுக்கு அவ்வளவு 3,40,000 டன் என வைக்கப்பட்டது. 1991ஆம் ஆண்டுக்குப் பின் அதுவரை வைக்கப்பட்டவற்றுள் அதுவே மிகக் குறைந்த அளவாக இருந்தது. முன்னதாக 2021ஆம் ஆண்டில், கரையிலிருந்து 12 கடல்மைலுக்குள் பிடிக்கப்படும் காட் மீன், வளங்குன்றா மீன்பிடிப்புக்கென வழங்கப்படும் உலகறிந்த முத்திரையை இழந்தது. கரையோரத்திலேயே வாழும் காட் இனம் நலிந்திருந்ததும், கடலிலிருந்து வரும் இனத்தோடு அதுவும் வலையில் அகப்படுவதுமே காரணம். முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குபவர் அன்றே வேறு நாட்டு மீனுக்குப் போயிருப்பார். கரையின் பருவத்துக்குத் தக்கவாறு பட்டியல் எழுதும் சமையற்காரர் தட்டில் காட் மீனைக் குறைத்து, வேறு மீனைக் கூட்டி, அதே மீனவரிடமிருந்து தொடர்ந்து வாங்க முடியும். நம் நாட்டிலும் மழை பொய்த்த ஆண்டில் சங்கத்தைக் கைவிடாத வாடிக்கைக்காரரே உண்மையான வாடிக்கைக்காரர் என்பது என் கருத்து.

முத்திரைகளையும் சான்றிதழ்களையும் பற்றி, கணக்காய்வையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் ஒன்று கூற வேண்டும். பிரின்சஸ் என்னும் பெரிய உல்லாசக் கப்பல் நிறுவனம், எண்ணெய் கலந்த கழிவுநீரை மறைவான குழாய் வழியே கடலில் விட்ட குற்றத்தை 2016ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்க நீதிமன்ற வழக்கில் ஒப்புக்கொள்ள உடன்பட்டு, 4 கோடி டாலர் அபராதம் செலுத்த நேர்ந்தது. 2013ஆம் ஆண்டில் புதிதாக வேலைக்கு வந்த இளம் பொறியாளர் ஒருவர் கண்டு தெரிவித்ததனால்தான் அது வெளிப்பட்டது. அதற்கு முன் வந்துபோன ஆய்வுகள் ஒன்றும் அதைக் காணவில்லை. தண்டனையின் ஒரு பகுதியாக, ஐந்தாண்டுக் காலம் வெளியார் தணிக்கைக்கு உட்பட வேண்டும் என்று விதிக்கப்பட்டது. அத்தணிக்கையாளர் வருவதற்கு முன்பே தனிக் குழுவை அனுப்பிக் கப்பல்களை ஒழுங்கு செய்து வைத்தமையும், உணவுக் கழிவோடு பிளாஸ்டிக்கைக் கலந்து பஹாமாஸ் கடலில் கொட்டியமையும் 2019ஆம் ஆண்டில் ஒப்புக்கொள்ளப்பட்டு, மேலும் 2 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது.

ஆய்வாளர் வரும் நாளில் மட்டும் ஏடுகள் நேர்த்தியாக இருப்பது கப்பல்களுக்கே உரிய வழக்கமன்று என்பதை இதனைப் படிக்கும் காரியதரிசிகள் சிலர் புன்னகையோடு ஒப்புக்கொள்வர். முன்னறிவித்து வரும் ஆய்வு, வாசல் தெளித்த வீட்டைத்தான் காணும். உள்ளே இருப்பவர் அச்சமின்றிப் பேசக்கூடிய நிலையே மெய்யான ஆய்வு. கப்பலில் அந்த இளம் பொறியாளர் செய்ததைச் சங்கத்தில் பொதுக்குழுவில் எழுந்து கணக்குக் கேட்கும் அங்கத்தினர் செய்கிறார். அவரைத் தொல்லைக்காரர் என்று அமர்த்திவிடும் சங்கம் தன் கண்ணைத் தானே கட்டிக்கொள்கிறது.

இவ்வகையிலும் நார்வே ஒரு புதிய படியை எடுத்து வைத்துள்ளது. 2022ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் முதல் அங்கே வெளிப்படைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. பெரிய நிறுவனங்கள் தம் சரக்கு வரும் வழியெங்கும் மனித உரிமையும் நியாயமான வேலை நிலையும் காக்கப்படுகின்றனவா என்று ஆராய்ந்து ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். எனக்கு முக்கியமாகத் தோன்றுவது மற்றொரு விதி. யார் வேண்டுமாயினும் எழுத்து மூலம் கேள்வி கேட்கலாம்; நிறுவனம் பொதுவாக மூன்று வாரங்களுக்குள் எழுத்து மூலம் விடையளிக்க வேண்டும். கப்பலில் தலையணை உறையைக் கண்ட ஒரு பயணி, ‘இந்தப் பருத்தியைப் பறித்தவர் யார், இந்நூலை நூற்ற ஆலையில் சிறுமியர் வேலை செய்கின்றனரா?’ என்று கேட்டால், கொள்முதல் அதிகாரி அதே கேள்வியை வணிகரிடம் கேட்பார். வணிகர் ஏற்றுமதியாளரிடம் கேட்பார். ஏற்றுமதியாளர் தறிக்காரரிடம் வந்து நிற்பார். இறுதியில் விடை சொல்ல வேண்டியவர் இந்தக் கரையில் இருக்கிறார்.

இக்கேள்விகள் வீண் சந்தேகத்தால் எழுந்தவை அல்ல. உஸ்பெகிஸ்தானில் மக்களைச் சர்க்காரே வற்புறுத்திப் பருத்தி பறிக்கச் செய்ததனால், அந்நாட்டுப் பருத்தியை உலகின் பல நிறுவனங்கள் ஆண்டுக்கணக்கில் விலக்கி வைத்திருந்தன. நிலைமை திருந்திய பின் 2022ஆம் ஆண்டு மார்ச்சில்தான் அவ்விலக்கல் கைவிடப்பட்டது. தமிழ்நாட்டு நூற்பாலைகள் சிலவற்றில் இளம்பெண்களை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் விடுதியில் அடைத்து, முடிவில் ஒரு மொத்தத் தொகை தருவதாகக் கூறி வேலை வாங்கிய முறையும் வெளிநாட்டு அறிக்கைகளில் இடம்பெற்றதே. சாயக் கழிவைப் பற்றியோ நொய்யல் கரையில் நிலம் வைத்திருப்பவரிடம் கேட்டால் போதும். அவ்வாற்றின் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்கென்று கட்டிய அணையில் சாயநீரே தேங்கிற்று. 2011ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூட ஆணையிட்டது. இப்பத்திரிகையை நெசவாளரும் படிக்கின்றனர், விவசாயிகளும் படிக்கின்றனர். ஒருவருடைய சாயத்தொட்டி மற்றவருடைய கிணற்றில் சென்று முடியும் வாணிகம் இருவருக்கும் ஆகாது.

கூட்டுறவுச் சங்கத்துக்கு இங்கே ஒரு வசதி உண்டு. அதை நாம் உணர்வதில்லை. தனி வணிகர் பத்து ஊர்த் தறிகளிலிருந்து துணியைச் சேர்க்கிறார். எது யார் நெய்தது என்று அவரால் கூற இயலாது. நெசவாளர் சங்கத்திலோ, எந்த அங்கத்தினருக்கு எத்தனை கட்டு நூல் எந்நாளில் கொடுக்கப்பட்டது, அவர் எத்தனை உருப்படி கொண்டுவந்தார், கூலி எவ்வளவு பெற்றார் என்பது பதிவேட்டில் இருக்கிறது. கப்பல் நிறுவனம் பெரும்பொருள் செலவிட்டுத் தேடும் விடை நம் சங்கத்தின் நூல் பட்டுவாடா ஏட்டில் கிடக்கிறது. அவ்வேடு நாள்தோறும் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

அதே வேளையில் வீண் ஆசையையும் வளர்க்கலாகாது. கப்பலின் படுக்கை விரிப்பும் துவாலையும் அடிக்கடி பெரும் சலவை இயந்திரங்களில் கொதிநீரிலும் ரசாயனத்திலும் புரள்பவை. விலையும் மிகக் குறைவாகவே கேட்கப்படும். அச்சந்தையில் விசைத்தறியோடு கைத்தறி போட்டியிடுவது வீண். மேசையின் நடுவிரிப்பு, திரைச்சீலை, பயணிகள் வாங்கிச் செல்லும் சால்வை போன்று, ஊரின் பெயரும் நெய்தவர் கையும் தெரியும் சரக்கே கைத்தறிக்குரிய இடம். விவசாயச் சங்கங்களுக்கும் இதுவே பொருந்தும்: கப்பலுக்கு வேண்டிய உருளைக்கிழங்கு முழுவதையும் கொடுக்க முயலாமல், நாள்தோறும் பறித்துக் கொடுக்கவேண்டிய கீரை, கறிவேப்பிலை, வாழையிலை, இளநீர் போன்ற பொருள்களிலிருந்து தொடங்குவதே அறிவுடைமை.

பெரிய வாடிக்கைக்காரர் வருகிறார் என்றதும் நம் நிர்வாகக் குழுக்கள் விலையை மட்டும் பேசித் திரும்பிவிடுகின்றன. விலையைக் காட்டிலும் தவணையும் கழிவுமே சங்கத்தை விழுங்கும். ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். ஒரு சங்கம் மாதந்தோறும் 4 லட்சம் ரூபாய்க்குத் துணி கொடுக்க ஒப்புக்கொள்கிறது. சரக்கைப் பெற்ற 90 நாளில் பணம் தருவதாக வாங்குபவர் கூறுகிறார். நூலுக்கும் கூலிக்கும் சங்கம் ஒரு மாதம் முன்னதாகவே செலவிட வேண்டும். ஆகவே எந்நாளும் மூன்று மாதப் பட்டியல் தொகை 12 லட்சமும், தறியில் ஓடும் சரக்கு 4 லட்சமும், ஆக 16 லட்சம் ரூபாய் முடங்கி நிற்கும். அதற்கு நூற்றுக்கு 10 வீதம் வட்டி ஆண்டுக்கு 1,60,000 ரூபாய். ஆண்டு விற்பனையோ 48 லட்சம். எனவே நூறு ரூபாய்ச் சரக்கில் 3 ரூபாய் 33 காசு வட்டிக்கே போகிறது. இனி, தரம் போதாது என்று நூற்றுக்கு ஐந்து உருப்படியை அவர் திருப்பிவிடுகிறார் என்று கொள்வோம். நூறு உருப்படிக்கு ஆன 103 ரூபாய் 33 காசைத் தொண்ணூற்றைந்து உருப்படியிலிருந்து ஈட்டவேண்டும். அப்போது 100 ரூபாய்க்கு விற்பதாக எண்ணிய துணியை 108 ரூபாய் 77 காசுக்கு விற்றால்தான் முதலுக்கு முதல் சரியாகும். வாங்குபவர் ‘நூற்றைந்து தருகிறேன்’ என்று தாராளமாகச் சொன்னாலும் சங்கம் உருப்படிக்கு 3 ரூபாய் 77 காசு தன் கையிலிருந்தே கொடுத்துக்கொண்டிருக்கும்.

அடுத்த அங்கத்தினர் கூட்டத்தில் இக்கணக்கைக் கரும்பலகையில் எழுதி, 90 நாள் என்ற இடத்தில் தம் வாடிக்கைக்காரரின் உண்மையான தவணையையும், 10 வீதம் என்ற இடத்தில் தம் சங்கம் மத்தியக் கூட்டுறவு வங்கிக்குக் கட்டும் வட்டியையும், ஐந்து என்ற இடத்தில் சென்ற ஆண்டு திரும்பி வந்த உருப்படிகளின் விகிதத்தையும் இட்டுப் பார்க்கவும். கிடைக்கும் தொகையைத் தீர்மானப் புத்தகத்தில் பதிந்து, அதற்குக் குறைந்த விலைக்கு எந்த உத்தரவையும் ஏற்பதில்லை என்று தீர்மானிக்கலாமா, அவ்வாறு தீர்மானித்தால் பக்கத்து ஊர்ச் சங்கங்களும் அதே விலைக்கு நிற்குமா என்பவற்றை அங்கத்தினர்கள் விவாதிக்கவும்.